காய்ந்தால் சாகும் விதை

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் இப்போது செம்பனைதான் கண்ணுக்கு எட்டியவரை. ஆனாலும் தோட்டத்தில் வளர்ந்த யாரும் ரப்பர் கொட்டையை மறந்திருக்க மாட்டார்கள். வெயில் ஏறியதும் காய் வெடித்து மூன்று கொட்டைகள் சிதறும். பிள்ளைகள் பொறுக்கி, சிமெண்டுத் தரையில் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் கையில் சுட வைப்பார்கள். புள்ளி போட்ட அந்த ஓட்டுக்குள் இருப்பது, சேமித்து வைக்க மிகக் கடினமான விதைகளில் ஒன்று.

நெல்லைக் காயவைக்கக் காயவைக்க ஆயுள் கூடும். ஈரம் குறையும்போது உள்ளிருக்கும் சர்க்கரைகள் கண்ணாடிபோல் இறுகி, புரதங்களையும் செல் சவ்வுகளையும் சிதையாமல் பிடித்துக்கொள்கின்றன. மூச்சும் கிட்டத்தட்ட நின்றுவிடும். பிறகு மைனஸ் 18 டிகிரிக் குளிரில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும்.

ரப்பர் கொட்டை அப்படி உறங்குவதே இல்லை. விழும்போதே அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர். முளைக்கும் வேலையும் நிற்பதில்லை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சவ்வுகள் குலைந்து உயிர் போய்விடும். உறைகுளிரும் அதற்கு எமன்தான்.

இன்னொரு எதிரி அதன் எண்ணெய். பருப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய். அதில் பெரும்பகுதி ஆக்சிஜன் எளிதில் தாக்கும் நிறைவுறாக் கொழுப்பு. லைபேஸ் என்னும் நொதி அதை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிட, சிக்கு வாடை எழும். புதுக் கொட்டையை உடைத்தால் பருப்பு வெள்ளையாக ஓடு நிறைய இருக்கும். பழையது மஞ்சளித்துச் சுருங்கி, காதருகே ஆட்டினால் கடகடக்கும். நாற்றுக்கு அது உதவாது. ஆனால் தீவனத்துக்கு இதே தாமதம் நல்லது: சேமிப்பில் சயனைடு தரும் லினமரின் குறைகிறது. தரம் என்பது யாருக்கு, எதற்கு என்பதைப் பொறுத்தது.

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குச் சேர்த்த சுமார் 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தவை 2,397 மட்டுமே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. நம் பாட்டன் பூட்டன் பால்மரக் காட்டுக்கு வந்த கதை அந்தச் சொற்ப முளைப்பில்தான் தொடங்குகிறது.

காய்ந்தால் சாகும் இத்தகைய விதைகளைப் பற்றிய முன்னோடி நூல் 1980-இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தின் சின் ஹூங் ஃபோங், பிரிட்டனின் ராபர்ட்ஸுடன் சேர்ந்து எழுதியது. துளையிட்ட பிளாஸ்டிக் பையில் ஈர மரத்தூளோடு வைத்தால் கொட்டை ஒரு மாதம்வரை தாங்கும். ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்.

செம்பனை விதை நெல்லுக்கும் ரப்பருக்கும் நடுவில் நிற்கிறது. ஓரளவு உலர்த்தலாம். சுமார் 40 டிகிரிச் சூட்டில் வாரக்கணக்கில் வைத்து, பிறகு ஊறவைத்தால்தான் விழிக்கும். பந்திங்கை அடுத்த கேரித் தீவில் இந்தப் பயிருக்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

ரப்பருக்கு அந்த வசதியும் கிடையாது. 1981-இல் அமேசானில் திரட்டிய காட்டு ரப்பர் விதைகளில் ஒரு பங்கு மலேசியா வந்தபோது, அவற்றை மண்ணில் நட்டு மரமாக்க வேண்டியிருந்தது. இன்றும் ரப்பரின் விதைவங்கி என்பது பெரும்பாலும் உயிரோடு நிற்கும் தோப்புதான். அதற்கு நிலத்தை விட்டுவைக்க வேண்டும்.