வாயில் வகுத்த நடை

தென்காசிக்கு அருகே கீழப்பாவூரில், பதினாறு திருக்கரங்களோடு மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கும் நரசிம்ம மூர்த்தியின் சந்நிதிக்கு எதிரே ஒரு தெப்பக்குளம் விரிந்து கிடக்கிறது. மூர்த்தியின் உக்கிரத்தைத் தணிப்பதற்காகவே குளம் அங்கே அமைந்தது என்பது ஊராரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒருபுறம் இருக்க, சித்திரை வெயிலில் வருகிற பக்தனின் கண்கள் அந்த நீர்ப்பரப்பில் சற்றே தங்க, அவனுடைய நடை தானாகவே தளர்ந்து, கொண்டுவந்த பரபரப்பில் ஒரு பகுதி கரையிலேயே கழன்றுவிடுகிறது என்பதும் பிரத்தியட்சமான உண்மைதான். கட்டடம் மனிதனோடு பேசும் விதம் இதுவே. வாய் திறவாமல், இங்கே நில், இங்கே மெல்ல நட, இங்கே தலை குனி என்று அது நம் உடலுக்கு உத்தரவிடுகிறது, மனம் பின்தொடர்கிறது.

இந்த வித்தையின் உன்னதத்தைக் காண விரும்புகிறவர் தென்காசிக்குப் போக வேண்டும். பராக்கிரம பாண்டியன் 1446-ஆம் ஆண்டில் தொடங்கிய காசி விசுவநாதர் ஆலயத்தின் கிழக்கு வாயிலில், ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயர்ந்து நிற்கிற ராஜகோபுரத்தின் அடியில், சாரல் காலத்தில் நுழைகிறவரைக் காற்று சும்மா விடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுக் கணவாய் திறந்து கிடப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் புகுந்து இந்தச் சமவெளியில் பாய்கிறது; கோபுரமோ பெரும் மதிலாக அதை மறித்து, நடுவில் ஒரே ஒரு வாயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. விசாலமாக வந்த காற்று குறுகிய வழியில் நெருக்குண்டால் வேகம் பெறும்; உயர்ந்த கட்டடத்தைச் சுற்றி அழுத்தம் மாறுபட்டுச் சுழல்களும் பிறக்கும். வாயிலில் ஒரு திசையில் வீசிய காற்று, கோபுரத்துக்கும் கோயிலுக்கும் இடையே உள்ள திறந்த வெளியில் சில அடிகள் வைத்ததும் திசை மாறி வீசுவதாகத் தோன்றுவது இதனால்தான். வேட்டியையும் புடைவையையும் பற்றிக்கொண்டு, வாய்ப்பேச்சை நிறுத்தி, ஒருகணம் தயங்கி, பிறகே ஜனங்கள் உள்ளே போகிறார்கள். தெருவின் சிந்தனைகளை உதிர்த்துவிட்டுப் போகச் செய்ய இதைவிடச் சிறந்த உபாயம் இருக்கிறதா என்று நான் வியப்பதுண்டு. இடியால் பிளந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற இக்கோபுரம், மீண்டும் எழுப்பப்பட்டு 1990-இல் கும்பாபிஷேகம் கண்டது. பழுது நேர்ந்தால் செப்பனிட வருவோரின் பாதங்களைப் பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்த அந்த அரசனின் விநயம் வீண்போகவில்லை.

குற்றாலத்தில் வேறு முறை. அருவியின் இரைச்சல் காதை நிறைக்கும் இடத்தில், சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில் நம்மை உள்வாங்கிக்கொள்கிறது. சற்றுத் தள்ளியுள்ள சித்திரசபையிலோ, நடராஜப் பெருமானே சித்திர ரூபமாக விளங்க, சுவரெங்கும் ஓவியங்கள் நிறைந்திருப்பதால், அங்கே விரைந்து நடக்க யாராலும் இயலாது.

ஆலயங்களை விட்டு வீடுகளுக்கு வருவோம். திண்ணை, தார்சா என்னும் முன்கட்டு, பட்டாசல் என்னும் கூடம், அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் இப்பக்கத்துப் பழைய வீட்டில், வழிப்போக்கன் திண்ணையோடும், தெரிந்தவன் தார்சாவோடும், உறவினன் பட்டாசலோடும் நின்றுகொள்வதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது: ஒருவனை அன்போடு உட்காரவைத்த அதே திண்ணை, வேறொருவனைத் தெருவிலேயே நிறுத்தியது. வானளாவிய கோபுர வாயில்களும் அப்படியே அடைத்து நின்றன. சென்னை மாகாணத்தின் 1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் அந்தத் தடையைச் சட்டத்தின் அளவிலேனும் நீக்கியது. கட்டடத்துக்கு மனத்தை உயர்த்தும் சக்தி உண்டென்றால், அவமதிக்கும் சக்தியும் உண்டு.

இவையெல்லாம் வெறும் ரசனை விஷயம் என்று கருதுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் குறிப்புகளை ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு, 1984-இல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கல் சுவரை மட்டுமே கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஜன்னலின் திசை ஒன்றே இவ்வளவு செய்திருக்கிறது.

தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டமாகிவிட்டதால், இனி இங்கே அலுவலகங்களும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் எழும்பிக்கொண்டே இருக்கும். அவற்றின் வரைபடத்தில் கையெழுத்திடுமுன், மேற்கே மலை தெரியும் பக்கம் நோயாளியின் கட்டிலுக்கு ஒரு ஜன்னல் உண்டா, மனுக் கொடுக்க வந்த கிழவி வரிசையில் நிற்காமல் உட்கார நிழலில் ஒரு திண்ணை உண்டா, சாரல் காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்று அதிகாரிகள் கேட்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும்.