வலி இருந்தாலும் நாலு எட்டு நடப்போம்



கூரத்தில் ஒரு அக்கா நாலு மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணம் மட்டும் பேத்தி கையில் வருகிறது. கேட்டால், "முட்டி வலி, மனசும் சரியில்ல" என்கிறார்.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. வலிக்குதேன்னு உட்கார்ந்தே இருந்தால் தசை பலம் குறையும், மூட்டு இறுகும், மனம் சோரும். மனம் சோர்ந்தால் வலியும் கூடுதலாகத் தெரியும்.

என்ன செய்யலாம்?

* முதலில் தினமும் 5 நிமிடம் நடங்கள். பழகியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.
* வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடிக்காதீங்க; மறுநாள் படுக்க வேண்டிவரும். நடுநடுவே ஓய்வெடுங்கள்.
* துணைக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். பேசிக்கொண்டே நடந்தால் மனசு லேசாகும்.

வீக்கம், காய்ச்சல், கால் மரத்துப்போதல் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. வீடு தேடி வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள். வாழவே பிடிக்கலைன்னு தோன்றினால் 14416-க்குப் பேசுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவை நாமே போய் அழைத்து வருவோமா? மெதுவா நடந்தே வரட்டும்.