கல்லும் ஒரு நாள் விழும்!

'எங்க மேனேஜருக்குக் கல்லு மனசு, இளகவே இளகாது' என்று புலம்புகிறவரா நீங்கள்? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கல்லே இளகி, ஓட்டையாகி, ஒடிந்து விழுந்துகொண்டிருக்கிறது சார்!

இடம்: ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் ரோஜாச் செடி, சறுக்குமரம், சிமென்ட் பெஞ்சில் காதல் ஜோடி என்று கற்பனை பண்ண வேண்டாம். அசல் பாலைவனம். எங்கே திரும்பினாலும் செக்கச்செவேல் பாறைகள். அவற்றில் இயற்கையே குடைந்த கல் வளைவுகள் மட்டும் 2,000-க்கு மேல். ஓட்டை 3 அடியாவது இருந்தால்தான் கணக்கிலேயே சேர்ப்பார்கள். 'இண்டியானா ஜோன்ஸ்' மூன்றாவது படத்தின் (1989) ஆரம்பத்தில் வருவது இந்த இடம்தான்.

செதுக்கின சிற்பி யார்? தண்ணீர்!

பல கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல். அது வற்றி, ஆயிரக்கணக்கான அடி கனத்துக்கு உப்பு தங்கிவிட்டது. மேலே மணற்பாறை படிந்து அமுக்க, உப்பு பற்பசை மாதிரி பிதுங்கி நகர்ந்தது. மேல் பாறை நீளநீளமாக வெடித்து, வரிசைச் சுவர்களாக நின்றது. வெடிப்பில் இறங்கும் மழைநீர் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். குளிரில் உறைந்து பருத்துப் பிளக்கும். சுவரில் ஓட்டை விழும். ஓட்டை பெரிசாகி வளைவாகும். வளைவு மெலிந்து மெலிந்து... ஒரு நாள் தடால்!

சும்மா பயமுறுத்தவில்லை. 306 அடி நீளத்துக்குக் கயிறு மாதிரி தொங்கும் 'லேண்ட்ஸ்கேப் ஆர்ச்'சிலிருந்து 1991-ல் 60 அடிப் பாளம் பெயர்ந்து விழுந்தது. அதற்கப்புறம் அடியில் போன பாதைக்குப் பூட்டு. 2008 ஆகஸ்டில் 71 அடி 'வால் ஆர்ச்' ராத்திரியோடு ராத்திரியாக காலி. பகலாக இருந்திருந்தால்? பக்கத்திலேயே நடைபாதை!

கல்லுக்கே இந்தக் கதி என்றால் மனுஷன் எம்மாத்திரம்? யூட்டா கார்களின் நம்பர் பிளேட்டிலேயே இடம்பிடித்த 'டெலிகேட் ஆர்ச்'சைப் பார்க்க, போகவர சுமார் 5 கிலோமீட்டர் நடை. மருந்துக்கும் நிழல் கிடையாது. கோடையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு வற்றுவதே தெரியாது. ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் அவசியம். ஏப்ரல்-மே, செப்டம்பர்-அக்டோபர் உத்தமம்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். கருப்பாக, பொருக்குப் பொருக்காகத் தெரியும் மண் உயிருள்ளது. நுண்ணுயிர்கள் மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. ஒரே மிதி... ஆற வருஷக்கணக்கில் ஆகும்!

அதே யூட்டாவில், புளூஜான் என்ற குறுகலான பள்ளத்தாக்கில் 2003 ஏப்ரலில் ஆரான் ரால்ஸ்டன் என்ற இளைஞர் தனியாக இறங்கினார். உருண்ட பாறையில் வலது கை மாட்டிக்கொண்டது. எங்கே போகிறோம் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அப்புறம் யார் தேடி வருவார்கள்? ஐந்து நாள் போராடி, மழுங்கின கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு உயிர் தப்பினார். '127 ஹவர்ஸ்' (2010) படம் அவர் கதைதான். இசை, நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்!

அதனால், கிளம்புமுன் இரண்டு வேலை. பையில் தண்ணீர், வீட்டில் தகவல். முக்கியமாக, லீவ் லெட்டரில் 'பாட்டி காரியம்' என்று எழுதாமல் போகிற இடத்தை உள்ளபடி எழுதுங்கள். தேடி வருகிறவர்கள் பாட்டி ஊருக்குப் போய் நிற்கக் கூடாது, பாருங்கள்!