திருச்சுழியில் பிறந்த துணிவு

குண்டாற்றங்கரையில் துணைமாலையம்மையுடன் திருமேனிநாதர் எழுந்தருளியிருக்கும் திருச்சுழி, சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பாடல்பெற்ற தலம். வானம் பார்த்த இப்பூமியிலே, 1879ஆம் ஆண்டு ஆருத்திரா தரிசன இரவில், வக்கீல் சுந்தரமையர் இல்லத்தில் ஓர் ஆண்மகவு தோன்றிற்று. வேங்கடராமன் என்னும் அப்பிள்ளையே பின்னாளில் ரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றார்.

தந்தையார் மறைந்தபின் மதுரையில் சிற்றப்பன் வீட்டில் வளர்ந்து வந்தவரை, 1896இல், நோய் ஏதுமின்றியே மரணபயம் பற்றிற்று. பதினாறு வயதுப் பிள்ளை வேறென் செய்யும்? வைத்தியரைத் தேடும், தாயை அழைக்கும். இவரோ பிணம்போல் கிடந்து, இவ்வுடல் மடிந்தால் நானும் மடிவேனோ என்று தம்மையே வினவினார். பிறர் சொல்லை மீறி நடப்பதையே தாமாக வாழும் துணிவென்று நாம் எண்ணுகிறோம். அந்தத் ‘தாம்’ யார் என்று உற்று நோக்கும் துணிவு அதனினும் அரிது.

அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அருணாசலம் நோக்கிப் புறப்படுகையில் அவர் எழுதிவைத்த கடிதத்தைக் காண்க. ‘நான்’ என்று தொடங்கியவர், அடுத்த வரிகளிலேயே தம்மை ‘இது’ என்கிறார். முடிவில் கையொப்பமும் இல்லை. ஆயினும் கணக்குத் தவறவில்லை. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென வாங்கிய ஐந்து ரூபாயில் மூன்றையே வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டார். சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்று குறித்து, மீதி இரண்டையும் கடிதத்தோடு வைத்துச் சென்றார்.