ஓரம் எங்கே?

காலை எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டு வரலாம், வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளலாம், கையில் ஒரு புத்தகம் இருந்தால் நல்லது என்பார்கள். ஆபரேஷன் என்றால் வெறும் வயிற்றோடு போய்ப் பழகியவர்களுக்கு இதுவே விசித்திரமாக இருக்கும். அமெரிக்காவில் முகத்துத் தோல் புற்றுநோய்க்கு ‘மோஸ்’ அறுவை செய்யும் இடங்களின் காத்திருப்புக் கூடம் அதைவிட விசித்திரம். மூக்கில் பெரிய பஞ்சுக் கட்டோடு ஒருவர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். காதில் கட்டுப் போட்ட பாட்டி ஒருவர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். அந்தக் கட்டுகளுக்கு அடியில் காயம் திறந்தே கிடக்கிறது, தையல் போடவில்லை. ஆபரேஷன் முடிந்துவிட்டதா என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பக்கத்து அறையில் தயாராகிக்கொண்டிருக்கும் கண்ணாடிச் சில்லுதான் அதைச் சொல்ல வேண்டும்.

வெட்டுவது இந்தச் சிகிச்சையில் சின்ன வேலை. மரத்துப்போக ஊசி போடும்போது சுரீர் என்று எரியும், அன்றைய வலியில் பெரும்பங்கு அதுதான். மருந்தில் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருப்பதால் சிலருக்கு நெஞ்சு சற்று நேரம் படபடக்கும். அப்புறம் யாரோ மூக்கைப் பிடித்து இழுப்பது தெரியும், வலி தெரியாது. இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும்போது முடி கருகும் வாடை வரும். அது தன் தோலிலிருந்து வருகிறது என்று புரிய ஒரு நொடி ஆகும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில், ஆழமில்லாத கிண்ணம் போல ஒரு துண்டை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டு வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். காத்திருப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகலாம்.

இவ்வளவு நிதானம் எதற்கு? வயலில் கோரை பிடுங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மேலே ஒரு தாள்தான் நிற்கும், கீழே கிழங்கு எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. தோல் புற்றுநோய்களில் மிகப் பரவலான பேசல் செல் வகையும் அப்படித்தான். முத்துப் போலப் பளபளக்கும் ஒரு பரு, அடிக்கடி இரத்தம் கசிந்து ஆறி மறுபடி கசியும் ஒரு புண்: கண்ணுக்குத் தெரிவது இவ்வளவே. உடலின் வேறு உறுப்புகளுக்கு அது பரவுவது மிக அரிது. ஆனால் இருக்குமிடத்தில் விரல் விரலாகத் தோலுக்கடியில் நீளும், விட்டுவைத்தால் மூக்கின் குருத்தெலும்பையே அரித்துவிடும். முதுகில் வந்தால் கவலையில்லை, சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர் நல்ல தோலைச் சேர்த்து வெட்டித் தைத்துவிடலாம். இமையோரத்தில் வந்தால் நான்கு மில்லிமீட்டருக்கு எங்கே போவது?

வெட்டிய துண்டின் ஓரத்தில் நோய் இருக்கிறதா என்று வழக்கமான ஆய்வகங்கள் பார்க்கும் விதத்தில் ஒரு குறை உண்டு. ரொட்டியை நறுக்குவது போலத் துண்டைச் செங்குத்தாகச் சில வில்லைகளாக வெட்டி நுண்ணோக்கியில் வைப்பார்கள். வில்லைக்கும் வில்லைக்கும் நடுவில் உள்ள இடத்தை யாரும் பார்ப்பதில்லை. கணக்குப் போட்டால், மொத்த ஓரத்தில் ஒரு சதவீதம்கூடக் கண்ணில் படுவதில்லை. மோஸ் முறை இந்த இடத்தில்தான் மாறுகிறது. பாதி ஆரஞ்சுத் தோலை மேசையில் கவிழ்த்து உள்ளங்கையால் அழுத்தினால் சப்பையாகி, விளிம்பும் அடியும் ஒரே தளத்துக்கு வந்துவிடும் அல்லவா? கிண்ணம் போன்ற அந்தத் திசுவையும் அப்படியே சப்பையாக்கி, உறைய வைத்து, அடிப்பக்கத்திலிருந்து தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஏடாகச் சீவுகிறார்கள். பக்கவாட்டு ஓரம், அடி ஓரம் எல்லாம் ஒரே படமாகக் கிடைக்கிறது. எந்த ஓரம் முகத்தில் எந்தத் திசை என்பது மறந்துவிடாதிருக்க, திசுவின் விளிம்புகளில் நீலமும் சிவப்புமாக மை தீட்டி, முகத்தின் வரைபடத்திலும் அதே நிறங்களைக் குறித்துவிடுவார்கள். கடிகாரத்தில் நான்கு மணி இருக்கும் பக்கத்தில் மட்டும் நோய் மிச்சம் என்றால், உள்ளே கூப்பிட்டு அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஒரு சீவல். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று சுற்றுக்குள் முடிந்துவிடும். முதல் முறையாக வந்த பேசல் செல் கட்டியானால், ஐந்து ஆண்டு கழித்தும் 100 பேரில் 99 பேர் அளவுக்கு அது திரும்புவதில்லை.

இதைக் கண்டுபிடித்த பிரெடெரிக் மோஸ், 1930களில் விஸ்கான்சின் பல்கலைக்கழக மருத்துவ மாணவர். விலங்கியல் பேராசிரியர் ஒருவரின் ஆய்வகத்தில், எலிகளின் கட்டிகளுக்குள் ஒவ்வொரு ரசாயனமாக ஊசி போட்டுப் பார்க்கும் வேலை. ஜிங்க் குளோரைடு கரைசல் திசுவைக் கொன்றது. அதில் அதிசயமில்லை, கொல்லும் பொருள்கள் ஏராளம். கொன்ற பிறகும் செல்களின் உருவம் குலையாமல், நுண்ணோக்கிக்குப் பக்குவம் செய்தது போலவே இருந்ததுதான் அதிசயம். உடம்பில் இருக்கும்போதே திசுவைப் பதப்படுத்தி, ஏடு ஏடாக எடுத்துப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1936இல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். ஜிங்க் குளோரைடு கலந்த களிம்பைத் தடவி ஒரு நாள் காத்திருந்து, மறுநாள் ஒரு ஏடு, அதற்கடுத்த நாள் இன்னொன்று என்று போகும், வலியும் கடுமை. 1953இல் கண்ணிமைப் புற்று ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சையைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. நாள்கணக்கில் இழுக்க வேண்டாமே என்று களிம்பை விட்டுவிட்டு, மரத்துப்போகும் ஊசி போட்டு, உறைய வைத்த திசுவைப் பார்த்தார். படப்பிடிப்பு அவசரத்தில் பிறந்த அந்தச் சுருக்குவழிதான் இன்றைய முறை.

எல்லாத் தோல் புற்றுக்கும் இது பொருந்தாது. கருநிறச் செல்களில் தோன்றும் மெலனோமா தனி சாதி. அதன் ஆழத்தை அளந்து, பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை சுற்றிலும் நல்ல தோலைச் சேர்த்தே எடுப்பார்கள். நிணநீர்க் கணுவையும் சோதிக்க வேண்டியிருக்கலாம். நம்மைப் போல மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் மெலனோமா வந்தால் வெயில் படாத உள்ளங்காலில் வருவதுண்டு, அங்கே அதை யாரும் தேடுவதில்லை.

மோஸ் அறுவைக்கு வந்தவரிடம் ‘ஓரம் சுத்தம்’ என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மூக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. கண்ணின் உள்மூலை, நெற்றிப்பொட்டு போன்ற குழிவான இடங்களானால் தைக்காமலே விட்டுவிடலாம், அடியிலிருந்து சதை வளர்ந்து தானே மூடிக்கொள்ளும். காத்திருக்கப் பொறுமையும் நாலைந்து வாரமும் வேண்டும். நம் வீடுகளில் ‘காற்றாட விடு, பொருக்குக் கட்டட்டும்’ என்பார்கள். 1962இல் ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் காட்டியது இதற்கு நேர்மாறு. ஈரமாக மூடிவைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுச் செல்கள் ஈரம் தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாசலின் தடவி, மூடச் சொல்கிறார்கள்.

முதல் இரவு பாரசிட்டமால் பெரும்பாலும் போதும். இரண்டாம் நாள் கண்ணாடி பார்க்காமலிருப்பது உத்தமம். நெற்றியிலோ மூக்கிலோ வெட்டியிருந்தாலும் வீக்கமும் கன்றலும் கண்ணுக்கு இறங்கி, அடி வாங்கியவர் போல இமை மூடிக்கொள்ளும். அட்ரினலின் தீர்ந்ததும் இரத்தம் கசியலாம். கசிந்தால் சுத்தமான துணியை வைத்து இருபது நிமிடம் அழுத்த வேண்டும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நிற்காவிட்டால் போன் செய்ய வேண்டியதுதான். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து, கசிவைவிடப் பக்கவாதம் பெரிது. முகத்துத் தையலை ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுவார்கள். பிரித்த அன்று அந்தத் தோலுக்குப் பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது. மூன்று மாதத்தில் எண்பது சதவீதம் வரும், நூறு ஒருபோதும் வராது. தழும்பு சில மாதம் சிவந்து தடித்துப் பயமுறுத்தும், ஓராண்டு வரை மாறிக்கொண்டே இருக்கும்.

மூக்கில் பெரும்பகுதி போய்விட்டால் தைப்பது போதாது. அப்போது செய்வது நமக்குப் பழைய கதை. 1792 போரில் திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜி, ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டியவர். அவருக்குப் புனே பக்கத்தில் செங்கல் சூளைச் சாதிக்காரர் ஒருவர் புது மூக்கு வைத்ததை 1794இல் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ படத்தோடு வெளியிட்டது. மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவ நடுவில் ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டு, அப்படியே முறுக்கிக் கீழே திருப்பி ஒட்டினார். இதைச் சுஸ்ருதர் கணக்கில் எழுதுவது வழக்கம். ஆனால் சுஸ்ருத சங்கிதை சொல்வது கன்னத்துத் தோலை. நெற்றித் தோல் பின்னால் கைவழியாக வந்த வித்தை, அந்தச் சூளைக்காரரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. லண்டனில் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814இல் இதையே செய்தார். இன்று தோல் புற்றுநோய்க்குப் பிறகு மூக்கைக் கட்டுவதும் இதே காம்பு, இதே முறுக்கு.

மூன்று வாரம் அந்தக் காம்பு புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவில் பாலம் போலத் தொங்கும். அதற்குள் மூக்கிலிருந்து புது இரத்தக் குழாய்கள் தோலுக்குள் புகுந்துவிட வேண்டும், பிறகுதான் காம்பை அறுப்பார்கள். புகைபிடிப்பவர்களின் குழாய்கள் சுருங்கி அந்தத் தோல் கருகிப்போகும் ஆபத்து கூடுதல், அதனால் முன்கூட்டியே சிகரெட்டை நிறுத்தச் சொல்வார்கள். மயிர்க்கோட்டைத் தாண்டித் தோலெடுத்திருந்தால் மூக்கு நுனியில் முடி முளைக்கும், மழிக்கத்தான் வேண்டும். அந்த மூன்று வாரமும் நரம்புகள் பழைய வழியிலேயே, காம்பு வழியாகவே, மூளைக்குப் போகின்றன. மூளைக்கு இடமாற்றம் தெரியாது. மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தால் கை நெற்றியைத் தட்டும்.