காவிரிக்கு மேலே – 14: பனி போடும் வேலி

போன வாரம் நீலகிரியின் மஞ்சூரில் நிறுத்தினேன். முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சூழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடி ஏறிக்கொண்டிருக்கிறோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இராப்பத்து முடிந்த கையோடு கிளம்பிய நண்பர்கள் நாங்கள். வனத்துறை அனுமதியுடன், வழிகாட்டி முன்னே செல்ல, அப்பர் பவானி பக்கத்துப் புல்வெளியில் விடியலில் இறங்கினோம். பள்ளம் முழுக்க வெள்ளை. கால் வைத்த இடமெல்லாம் நொறுங்கியது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் நுனியிலும் பனி ஊசி ஊசியாக நின்றது. தாளின் நடுவில் அவ்வளவு இல்லை.

அந்த வெள்ளை, சோலைக்காட்டின் ஓரத்தில் கோடு போட்டாற்போல் நின்றுவிட்டது. முதலில் கவனித்தவர் வடக்கு உத்தர வீதி நண்பர். "ஏன்யா, மரத்துக்கு அடியில பனியே இல்லியே?" என்றார். இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கேள்விதான்.

நம் ஊரில் மார்கழி இரவில் மொட்டைமாடியில் கிடக்கும் துணி பனியில் நனைந்துவிடும். தாழ்வாரத்துக் கொடியில் கிடப்பது காய்ந்தே இருக்கும். அங்கும் நடப்பது அதுதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேலே மரக்கூரை இருந்தால் சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. வெட்டவெளிப் புல்லோ சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. நாளிதழில் '2 டிகிரி' என்று வரும் கணக்கு, தரைக்கு மேலே கூண்டில் வைத்த வெப்பமானி சொல்வது. அதே நேரத்தில் புல்லின் மேல் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் பனி கடுமையாக இருப்பது அதனால்தான்.

இனிதான் விஷயமே. சோலை மரங்களின் விதை புல்வெளியில் விழுகிறது, முளைக்கவும் செய்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கன்று கருகிவிடுகிறது. பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. காட்டைக் காட்டோடும் புல்லைப் புல்லோடும் நிறுத்தி வைக்கும் வேலியைப் பனியே போடுகிறது!

காட்டை வெட்டியதால்தான் புல்வெளி வந்தது என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நீலகிரிச் சதுப்புகளில் மட்கிக் கிடக்கும் கரிமண் பதில் சொல்கிறது. அந்த மண்ணில் அடுக்கடுக்காகப் பழைய செடிகளின் கார்பன் இருக்கிறது. வெப்பநாட்டுப் புல்லின் கார்பன் ஒரு மாதிரி, மரத்தின் கார்பன் வேறு மாதிரி. ஆர். சுகுமார் குழுவினர் 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதியபடி, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய வறண்ட பனியுகத்திலேயே அங்கே புல் ஓங்கியிருந்தது. கல்லணைக்கும் உறையூருக்கும் எத்தனையோ ஆயிரம் ஆண்டு மூத்த புல்வெளி அது. நாங்கள் மிதித்து நடந்தது அதன் மேல்தான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மனம் ஆறவில்லை.

இந்த வேலியைத் தாண்டிய மரம் ஒன்று உண்டு: சீகை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும் என்று பின்னால் பெருமளவில் நட்டார்கள். சோலைக் கன்றுகளைக் கருக்குவதுபோல் உறைபனி அதைக் கருக்குவதில்லை. பள்ளத்தைத் தாண்டி எதிர்ச் சரிவில் ஏறியபோது புல்லே இல்லை. சீகை, சீகை, சீகை.

அதனால் ஸ்ரீரங்கத்துக்கு என்ன என்று கேட்கலாம். மழைக்காலத்தில் குடித்த தண்ணீரை இந்தப் புல்வெளியும் சதுப்பும் கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அதுதான் பவானியாகிறது. கேரளத்து அட்டப்பாடிக்குள் போய்த் திரும்பி, பவானிசாகரில் தேங்கி, கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து நம் படித்துறைக்கு வருகிறது. புல் இருந்த இடத்தில் வேகமாக வளரும் மரம் வந்தால் ஓடை மெலியும். நீலகிரியின் கிளன்மார்கனில் யூகலிப்டஸ் நட்டு அளந்து பார்த்தார்கள். முதல் பத்தாண்டிலேயே ஓடை நீர் 16 விழுக்காடு குறைந்தது.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் கோயில் கூரைப் புல்லைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சதுப்பில் வளரும் அந்தப் புல் இன்று கிடைப்பதே அரிதாகிவிட்டது. அதை அடுத்த வாரம் விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். திருச்சியிலிருந்து மரக்கன்றுகளோடு மலைக்குப் போகும் நல்ல மனசுக்காரர்கள் பலரை எனக்குத் தெரியும். சோலை அழிந்த இடத்தில் சோலை மரம் நடுங்கள். புல்வெளியில் மட்டும் ஒரு கன்றுகூட நடாதீர்கள்.

(தொடரும்)