சோளத்துக்குச் சுண்ணாம்பு

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சாப்பாட்டுப் பானையில் போடுவதா? கேட்டபோது நாங்களும் சிரித்தோம். மெக்சிக்கோ நாட்டுச் சனங்கள் காலங்காலமாகக் காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில் அவித்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைத்துத்தான் ரொட்டி சுடுகிறார்கள். (நீங்கள் அளவு தெரியாமல் செய்து பார்க்காதீர்கள்.) அப்படிச் செய்தால்தான் சோளத்திலுள்ள நியாசின் என்ற விட்டமின் உடம்பில் சேரும். ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, சுண்ணாம்பு போகவில்லை. சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிற்றோட்டம் கண்டது, புத்தியும் தடுமாறியது. பெல்லாக்ரா என்பது அந்த வருத்தம்.

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அவித்த போஞ்சிக் கொட்டை. நாம் பிஞ்சில் பறித்துக் கறி வைக்கிற அதே போஞ்சிதான், முற்றவிட்டு உரித்தது. சோளத்தில் குறைகிற புரதச் சத்தைக் கொட்டை ஈடுகட்டும்.

இப்போது அங்கேயும் சாப்பாட்டோடு சோடாப் போத்தல் வந்துவிட்டது. சீனி வருத்தம் பெருகவே, 2014இல் அரசாங்கம் இனிப்புப் பானத்துக்கு லீற்றருக்கு 1 பெசோ வரி போட்டது. சனங்கள் வாங்குவதும் குறைந்தது.